கடலிலிருந்து கரைக்கு மாறுதல்

ஏளா,

இன்று காலை பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூமைத் திறந்தேன். ராத்திரி பெய்த மழையில் கூரை ஒழுகி, கோல்கீப்பர் காலில் கட்டும் பேட் இரண்டும் ஊறிக் கிடந்தன. வெயிலில் காயப் போடலாம் என்று தூக்கினால், ஈரப் பஞ்சும் பழைய வியர்வையும் ரெக்சினும் கலந்த அந்த நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டார்கள். என்னால் நகர முடியவில்லை. அது நீ. இதைக் கேட்டிருந்தால், "என்னைய நெனைக்க ஒனக்கு வேற நல்ல மணமே கெடைக்கலியாளா?" என்று சண்டைக்கு வந்திருப்பாய். வந்திருக்கலாம். நீ போய் இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை.

நாம் படித்த பள்ளியின் மைதானம் உனக்கு நினைவிருக்கும். துறைமுகப் பக்கமிருந்து காற்றடித்தால் நிலக்கரித் தூள் பறந்து வந்து வெள்ளைச் சட்டையெல்லாம் சாம்பல் பூத்துவிடும். மணலில் பந்து நேராக ஓடாது. ஆடத் தெரிந்தவர்கள் பாதி, ஆள் கணக்குக்காக இழுத்து வந்தவர்கள் பாதி என்று ஒரு ஹாக்கி அணி. நான் ஃபுல்பேக். என் முதுகுக்குப் பின்னால் கோலில் நீ. ஆட்டம் முடியும் வரை உன் வாய் ஓயாது. "எடது பக்கம் வாரா பாரு! அங்கன என்னளா பராக்கு?" எதிரணிக்காரிகளே சிரித்துப் பந்தை விட்டுவிடுவார்கள். எனக்குக் கண் பின்னால் இருந்தது என்றால் அது உன் சத்தம்தான்.

பிளஸ் டூ முடித்ததும் இரண்டு பேரும் உடற்கல்விக் கல்லூரியில் சேர வேண்டும், ஒரே விடுதி அறை கேட்க வேண்டும் என்றெல்லாம் பேசி வைத்திருந்தோம். அந்த வருடம் மாவட்டப் போட்டியில் ஆடிய சான்றிதழ் கையிலிருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும் என்று பி.டி. மிஸ் சொல்லியிருந்தார். நமக்கு அது ஒன்றுதான் வழி. மார்க்கை நம்பிப் போகிற ஆட்களா நாம்?

பிளஸ் ஒன் முடிந்த கோடை விடுமுறையில்தான் உன் அப்பாவின் வலது கை விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச்சில் சிக்கியது. கயிறு இழுக்கிற கை போனால் அப்புறம் கடலில் என்ன வேலை? அம்மா இல்லாத வீடு. ஏரலில் இருந்த உன் சித்தி, அங்கே ஓர் அரிசி ஆலையில் அவருக்குக் காவல்காரர் வேலை பிடித்துக் கொடுத்தாள். பள்ளி திறந்த அன்றே உன் அப்பா வந்து டி.சி. வாங்கிவிட்டார். எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்று என் அம்மா கேட்டுப் பார்த்தாள். "அப்பாவுக்குச் சோறு பெசஞ்சு குடுக்கணும் அத்த" என்று நீ சொல்லிவிட்டாய்.

ஏரல் பள்ளியிலும் ஹாக்கி அணி இருந்தது. அதனால் நாம் பெரிதாகக் கவலைப்படவில்லை. எதிரெதிராக நின்று ஆடுவோம், அவ்வளவுதானே என்று சிரித்தோம். போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போதுதான் விதி தெரிந்தது. பள்ளி மாறி வந்தவர்கள் ஓராண்டு புதுப் பள்ளிக்காக ஆடக்கூடாது. பிளஸ் டூ படிக்கிறவளுக்கு இன்னொரு ஆண்டு எங்கே இருக்கிறது?

ஒரு விலக்கு இருந்தது. பெற்றோருக்கு வேலை மாறுதல் என்றால் ஆணையைக் காட்டி ஆடலாம். மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு வங்கி அதிகாரியின் மகள் அப்படித்தான் வந்த மாதமே எங்கள் அணியில் ஆடினாள். நல்ல பிள்ளை, அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உன் அப்பா, கட்டுப்போட்ட கையோடு விளையாட்டு அலுவலகத்துக்குப் போனார். "மாறுதல் ஆர்டர் கொண்டாங்க அண்ணாச்சி, நாளைக்கே ஆட விடுதேன்" என்றாராம் அங்கிருந்த அதிகாரி. அதற்கு உன் அப்பா கேட்டதை நீ எனக்கு நடித்தே காட்டினாய்: "கடல்ல இருந்து கரைக்கு மாத்துனதுக்கு எந்த ஆபீஸ்ல ஆர்டர் குடுப்பாவ சார்?"

அத்தோடு விட்டிருந்தால்கூட யாராவது இரக்கப்பட்டிருப்பார்கள். உன் அப்பா நேரே படகு முதலாளியிடம் போனார். அவர் தங்கமான மனிதர். பிள்ளை ஆட வேண்டும், அதற்கு ஆர்டர் வேண்டும், அவ்வளவுதான் அவருக்குப் புரிந்தது. உடனே லெட்டர் பேடை எடுத்து, 'மேற்படி நபரைக் கடலிலிருந்து ஏரலுக்கு மாறுதல் செய்து உத்தரவிடுகிறேன்' என்று எழுதி, படகின் பெயர் போட்ட முத்திரையையும் குத்திக் கொடுத்துவிட்டார். அலுவலகத்தில் முதலில் சிரித்தார்கள். பிறகு முகம் மாறியது. இவ்வளவு பாடுபட்டு ஆணை தயார் செய்கிறார்கள் என்றால், ஏரல் பள்ளிதான் ஆசை காட்டி இந்தப் பிள்ளையை இழுத்திருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். உன் பெயரை அடித்துவிட்டார்கள். நல்ல மனதோடு செய்த காரியம் உன் கழுத்தில் வந்து விழுந்தது. அந்த முதலாளி மேல் நீ கடைசிவரை கோபப்படவே இல்லை. எனக்குத்தான் இன்றைக்கும் அவரை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பல்லைக் கடிக்கவும் தோன்றுகிறது.

ஆனாலும் தினமும் ஏரல் அணியின் பயிற்சிக்குப் போனாய். அவர்கள் அடித்துப் பழகக் கோலில் நின்றாய். உன்னைத் தாண்டிப் பந்தைப் போடக் கற்றுக்கொண்டதால்தான் அவர்களின் முன்வரிசை ஆட்டக்காரிகள் அவ்வளவு தேறினார்கள். மாவட்டப் போட்டியில் அவர்கள் எங்களுக்கே எதிராக வந்தார்கள். நீ பள்ளிச் சீருடையில் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாய்.

எங்கள் கோலில் நின்றது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. பேட் வாரைச் சரியாக இறுக்கத் தெரியாமல் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தாள். இடைவேளையில் நீ எழுந்தாய். மைதானத்தைக் குறுக்கே கடந்து எங்கள் பக்கம் வந்து, அவள் காலடியில் குந்தி, வார்களை அவிழ்த்து மறுபடி கட்டினாய். ஏரல் பி.டி. சார் கத்தினார்: "ஏ புள்ள, நீ எந்தப் பள்ளிக்கூடம்?"

நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பேட் கழண்டா புள்ள விழுந்துருவா சார்" என்றாய்.

அணிக்கொரு கோல் போட்டிருந்தோம். கடைசியில் ஒரு பெனால்டி கார்னரில் அவர்கள் இன்னொன்றைப் போட்டு ஜெயித்தார்கள். ஏரல் பிள்ளைகள் குதித்தார்கள், எங்கள் பிள்ளைகள் அழுதார்கள். நீ எந்தக் கூட்டத்துக்குப் போவது என்று தெரியாமல் நடுவில் நின்றாய். தோற்றாலும் எனக்குச் சான்றிதழ் கிடைத்தது. கல்லூரியும் கிடைத்தது. நீ ஏரலில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாய். பிறகு உடன்குடியில் கல்யாணம். அந்த ஆண்டுக்குப் பின் நீ ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

இப்போது நானே பி.டி. மிஸ். அந்த விதி ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். நான் வருடக்கணக்கில் பழக்கிய பிள்ளையை, ஷூவும் விடுதியும் இலவசம் என்று சொல்லிப் பெரிய பள்ளிகள் கொத்திக்கொண்டு போகும்போது, விதி இன்னும் இறுகட்டும் என்றுதான் வயிறு எரியச் சொல்லுவேன். அடுத்த நாளே அப்பன் வேலை போய் ஊர் மாறி வந்த பிள்ளை, டி.சி.யோடு முன்னால் நிற்பாள். விளையாட்டு அலுவலகக் கூட்டங்களில் எழுந்து, ஆணை தர ஆளில்லாத வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று கேட்கிறேன். பார்ப்போம் டீச்சர் என்கிறார்கள். டீ வந்துவிடுகிறது.

காமாலை முற்றி நீ பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது இதையெல்லாம் உன்னிடம் புலம்பினேன். மஞ்சள் பாய்ந்த கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாய். தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன். திடீரென்று, "அன்னைக்கு நான் நின்னுருந்தா அந்தக் கோல் உளுந்துருக்காதுல்லா?" என்றாய்.

"எந்தக் கோல்ளா? எங்க பக்கம் உளுந்ததா, ஒங்க பக்கம் உளுந்ததா?"

நீ கண்ணைத் திறந்தாய்.

"எந்தப் பக்கம்னாலும் சரிதான். நிக்க விட்டுருக்கலாம்லா."

தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று சொல்லி வெளியே போய்விட்டேன். நீ சொன்ன அந்தச் சொல்தான் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் எடுத்துக்கொண்டு போகிறேன். கேட்பாரில்லாமல் திரும்பக் கொண்டு வருகிறேன். அடுத்த மாதமும் ஒரு கூட்டம் இருக்கிறது. போவேன்.