அக்காவுக்கு மட்டும் ஸ்டார்ட் ஆன கார்

என்ர அன்பு அக்கா,

உங்கட கார் நேற்று ஓடியது, எட்டு மாதத்துக்குப் பிறகு. சந்தோசமாக எழுதத்தான் நினைத்தேன். ஏலவில்லை.

அது உங்களுக்கு மட்டும்தான் ஸ்டார்ட் ஆகும் என்று குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். கேட்காமல் சாவியை எடுக்கிற மச்சான்மார் வாசலில் அரை மணித்தியாலம் மாரடித்துவிட்டு, சைக்கிளில் போவார்கள். நீங்கள் குசினி யன்னலால் பார்த்து, "அது ஆள் பார்த்துத்தான் வரும்" என்பீர்கள். சாத்திரம், நேர்த்திக்கடன் ஒன்றையும் நம்பாத நான் இதை மட்டும் நம்பினேன்.

எட்டு மாதத்துக்கு முந்தி அந்தப் பின்னேரம், கதைக்க ஏலாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்துச் சீட்டில் இருந்தீர்கள். நான் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. உங்கட கை என் முழங்கால் பக்கமாக, ஸ்டியரிங்குக்குக் கீழே வந்தது. பயத்தில் என்னைத் தேடுகிறீர்கள் என்று நினைத்து அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். நீங்கள் இழுத்தீர்கள். நான் விடவில்லை.

ஓட்டோ வர இருபது நிமிசம். ஆஸ்பத்திரி வாசலில் உங்களை இறக்கினபோது உயிர் இல்லை.

போன கிழமை, காரை விற்றுவிடலாம் என்று கிண்ணியாவிலிருந்து மெக்கானிக் ரஷீத் நானாவைக் கூப்பிட்டேன். வேறு பற்றரி பூட்டி, பிளக்கைத் துடைத்து, கொயிலையும் பார்த்தார். எல்லாம் சரி, பிளக்கில் நெருப்புப் பொறிதான் வரவில்லை என்றார். வயரைப் பிடித்துக்கொண்டே போனவர், ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டபடி சிரித்தார்.

"டீச்சர், இதில கள்ள சுவிச் ஒண்டு பூட்டியிருக்கு. இதை நிப்பாட்டினா ஆர் திருப்பினாலும் வராது. உங்கட அக்கா வலு கெட்டிக்காரி."

நான் உள்ளே போய்க் கதிரையில் இருந்துவிட்டேன். முந்திக் கொண்டுவந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க ஏலாது என்று டொக்டர் அன்று சொன்னவர். உண்மையைச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா? எனக்கு ஏன் அந்தச் சுவிச்சைக் காட்டவில்லை அக்கா? நானும் மச்சான்மாரில் ஒருத்தியா?

டயர்கள் தேயவில்லை, ஆனால் பக்கமெல்லாம் வெடிப்பு, பழசாகிவிட்டது, ஓட்டுவதென்றால் மாற்றத்தான் வேணும் என்றார் நானா. பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கடையில் மினுங்குகிற நாலு டயரைக் காட்டினார்கள். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருந்த நாலு இலக்கத்தைக் குனிந்து வாசித்தேன். முதல் இரண்டும் வருசத்தில் எத்தனையாவது வாரம் செய்தது என்று, மற்ற இரண்டும் வருசம். ஆறு வருசம் கடைக்குள் கிடந்தவை. வேண்டாம் என்றேன். சோதனைப் பேப்பர் திருத்துகிற மாதிரியெல்லோ பார்க்கிறீர்கள் என்றார் கடைக்காரர். வேறு கடையில், கார்க் கதவோரத்தில் எழுதியிருக்கிற அதே அளவில், இந்த வருசத்து டயர் வாங்கினேன்.

டயரை அப்படிப் பார்க்கத் தெரிந்தவள், உங்கட கை எங்கே போகிறது என்று பார்க்கவில்லை.

சுவிச்சைக் கழற்றவா என்று நானா கேட்டார். வேண்டாம் என்றேன். காரையும் விற்கமாட்டேன். சுவிச் இருக்கிற இடத்தைப் பெரிய எழுத்தில் எழுதி, சாவியைத் திருப்புகிற எவருக்கும் தெரிகிற இடத்தில் ஒட்டிவைப்பேன். மச்சான்மார் கொண்டு போனால் போகட்டும். அந்தக் காரில் இனி ஒருவரும் அந்தச் சுவிச்சைத் தேடக்கூடாது.

கையை விடாமல் பிடித்திருந்த
உங்கட தங்கச்சி