இரண்டாவது பாட்டு

ஜனவரி 21, பசிபிக்கில்

முழங்கால் வலி. கப்பல் ஆடினாலும் ஆடாவிட்டாலும் நாங்கள் ஆடியாக வேண்டும். டிக்கெட் இல்லாமல் உலகத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள். பதிலுக்கு, துணையில்லாமல் வந்திருக்கும் பெண்களோடு மாலை முழுக்க நடனம். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ஆயுசு பூரா டிராக்டர் விற்றவனுக்கு இது அதிர்ஷ்டம்தான். குறை சொல்லக் கூடாது. சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒரு பெண்ணுக்கு ஒரு பாட்டு. முடிந்ததும் அவரை நாற்காலியில் கொண்டுபோய் விட்டுவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போக வேண்டும். ஒரே பெண்ணோடு அடுத்தடுத்து இரண்டு பாட்டு கூடவே கூடாது. சுவரோர நாற்காலிகளில் இருப்பவர்கள் பாட்டைக் கேட்கிறார்களோ இல்லையோ, யாருக்கு எத்தனை பாட்டு என்பதைக் கவனிக்கிறார்கள். யாருடனாவது இழைகிறோம் என்று பேச்சு வந்தால் அடுத்த துறைமுகத்தில் பெட்டியோடு இறக்கிவிடுவார்கள். எங்களை மேய்க்கும் மேற்பார்வைக்காரி டாரா ரூர்க் இதைச் சொல்லாத வாரம் இல்லை.

இன்று அடலீன் ப்ரூவிட்டோடு வால்ட்ஸ், மூன்று எண்ணிக்கைத் தாளத்துக்கு ஆடுவது. சவானா ஊர்க்காரர், மருந்துக்கடை நடத்தியவர். அருமையான கால். பாட்டு முடிந்தது, நான் கையைத் தளர்த்தினேன். அவர் விடவில்லை! சிரித்த முகம், ஆனால் விரல்கள் என் தோளை நண்டுப்பிடி பிடித்திருந்தன. பேண்ட் வாத்தியக்காரர்கள் அடுத்ததைத் தொடங்கும்வரை அப்படியே நின்றார். தொடங்கியதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஆடினார்.

ஆக, இரண்டு பாட்டு. சுவரோரம் அத்தனை தலையும் திரும்பியது.

ஜனவரி 24, பூமத்திய ரேகை

ரேகையைத் தாண்டும் சடங்கு. சமையல்காரர் ஒருவர் பஞ்சுத்தாடி ஒட்டிக்கொண்டு கடல்ராஜாவாக நீச்சல்குளக் கரையில் உட்கார்ந்திருந்தார். முதல்முறை தாண்டுகிறவர்கள் எல்லாம் செத்த மீன் ஒன்றுக்கு முத்தம் கொடுக்க வேண்டும். நானும் கொடுத்தேன். உவ்வே.

ராஜா பக்கத்தில் ராணி ஆசனம் பெர்னடீன் ஹால்வர்சனுக்கு. மில்வாக்கி ஊர் அம்மாள். இந்தக் கம்பெனிக் கப்பல்களில் இவரளவுக்குப் பயணியாகக் கடலில் கிடந்தவர் எவரும் இல்லை. அதனால் ராணி ஆசனம், கேப்டனோடு முதல் நடனம், படுக்கையறை இரண்டு உள்ள பெரிய அறை, கேட்ட பாட்டை வாசிக்கும் பேண்ட், எல்லாம் அவருக்கே.

நான் மீனை விட்டு நிமிர்ந்ததும் எல்லாரும் கேட்கும்படி சொன்னார்: "ஒண்ணு போதும் வெர்லின். ரெண்டாவது குடுத்தா வரிசையில நிக்கற மத்த மீனுங்களுக்கு வயிறு எரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். டாரா மட்டும் சிரிக்கவில்லை.

ஜனவரி 26

நேற்றும் அதே கதை. பாட்டு நின்றது, அடலீன் நின்றுவிட்டார், நான் வேறு வழியில்லாமல் இரண்டாவது பாட்டையும் ஆடினேன். இன்று தேநீர் வேளையில் மேல்தளத்தில் அவரைப் பிடித்துக் கேட்டேவிட்டேன். என்னை வேலையை விட்டுத் துரத்தப் பார்க்கிறீர்களா என்று.

கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார். பார்க்கின்சன் நோய்.

"பாட்டு இருந்தா நான் மாடிப்படிகூட ஏறிடுவேன் வெர்லின். பாட்டு நின்னா காலும் நின்னுடுது. ஆணி அடிச்ச மாதிரி. தனியா நடக்கறப்ப மனசுக்குள்ள பாடிக்கிட்டே போய்டுவேன். ஆனா பட்டுன்னு நின்னு, சுத்தி எல்லாரும் பார்க்கறப்ப... உள்ள ஒண்ணுமே வரமாட்டேங்குது."

கப்பல் மருத்துவருக்குத் தெரியுமா என்றேன்.

"தெரிஞ்சா சிட்னில இறக்கிடுவாரு. தனியா வந்தவளாச்சே நான். ஊருல என் பையன் முதியோர் இல்லம் பார்த்து ரெடியா வெச்சிருக்கான். போய் இறங்கின மறுநாள் உள்ள தள்ளிக் கதவ சாத்திடுவான். இந்த ஒரு சுத்து முடிச்சுக்கறேனே. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

சொல்லமாட்டேன் என்றேன். யோசிக்காமல்தான் சொன்னேன். இப்போது யோசித்துப் பார்த்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது.

ஜனவரி 30

வழி கண்டுபிடித்துவிட்டேன்! பாட்டு முடிகிற இடத்தில் நான் அவர் காதோரம் மெல்ல முனகிக்கொண்டே எண்ணுகிறேன். ஒன்று-இரண்டு-மூன்று. கால் வருகிறது. நாற்காலிவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். உட்கார்ந்ததும் அவர் கண்ணில் தண்ணீர். எனக்கும்தான், வெட்கமென்ன.

பிப்ரவரி 2

எல்லா நாளும் முனகல் வேலை செய்வதில்லை. இன்று மறுபடி இரண்டு பாட்டு. பெர்னடீன் அடுத்த நாற்காலியில் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

அறைத்தோழன் லைல் சவரம் செய்துகொண்டே கேட்டான் (ஃபார்கோவில் பல் மருத்துவனாக இருந்து ஓய்வு பெற்றவன், என்னைப் போலவே ஆட வந்தவன்): "ஏண்டா கிழவா, காதுல அப்படி என்னடா ஓதற? நானும் தெரிஞ்சுக்கறேனே. எனக்குப் பல்லப் பத்தித் தவிர வேற பேச்சே வரமாட்டேங்குது."

இளித்துவைத்தேன். பெட்டி கட்ட உதவி வேண்டுமென்றால் கூப்பிடு என்றான். விளையாட்டுக்குத்தான் சொன்னான்.

பிப்ரவரி 5

டாரா கூப்பிட்டனுப்பினாள். கதவைச் சாத்தச் சொன்னாள்.

"புகார் வந்திருக்கு. யார் குடுத்தாங்கன்னு கேட்காதீங்க."

கேட்கவேண்டிய அவசியமே இல்லை, பெர்னடீன்தான்.

"காதலா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப காதுகிட்ட என்ன?" எண்ணுகிறேன் என்றேன். "இத்தன வருஷமா ஆடறவருக்கு இன்னும் எண்ணினாத்தான் வருமா?" என்றாள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"வெர்லின், நானும் வேலைக்கு வந்தவதான். அந்தம்மா ஒரு வார்த்தை சொன்னா மேல இருக்கறவங்க என்னத்தான் தொங்கவிடுவாங்க. ஒரு காரணம் சொல்லுங்க, உங்களுக்காகப் பேசறேன். இல்லன்னா சிட்னிவரைக்கும் நடனத் தளத்துல கால் வெக்கக் கூடாது. சிட்னில இறங்கிடுங்க."

காரணம் நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கினேன். கசப்பு மாத்திரை மாதிரி இறங்கியது.

பிப்ரவரி 6

சொன்னால் நான் இருப்பேன், அவர் இறங்குவார். சொல்லாவிட்டால் நான் இறங்குவேன். அப்புறம் பாட்டு நின்றால் அவரை யார் பிடிப்பது? லைலிடம் சொல்லலாமா? அவன் வாய் ஓட்டைவாய். கடவுளே, நான் என்னதான் செய்யட்டும்?

பிப்ரவரி 7

விஷயம் அடலீன் காதுக்குப் போய்விட்டது. காலைச் சாப்பாட்டில் என் மேசைக்கே வந்துவிட்டார், நாற்காலி முதுகுகளைப் பிடித்துப் பிடித்து. "நான் டாராகிட்ட போய்ச் சொல்லிடறேன். எனக்காக நீங்க ஏன் கெடணும்?"

கோபம் வந்துவிட்டது எனக்கு. நீங்க மட்டும் சொன்னீங்க, ஜென்மத்துக்கும் உங்களோட பேசமாட்டேன்னு கத்தினேன். இன்னும் கொஞ்ச நாளில் பெட்டியோடு இறங்கப்போகிறவன் விடுகிற மிரட்டலைப் பார்! அவர் சிரித்துவிட்டார். நடன அரங்கத்துக்கு இனி வராதீர்கள் என்று கெஞ்சினேன்.

"வராம அறைக்குள்ள உட்கார்றதுக்கு நான் சவானாவுலயே இருந்திருப்பேனே வெர்லின்."

பிப்ரவரி 9

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

கறுப்பு-வெள்ளை விருந்து. ஆண் பெண் எல்லாரும் அந்த இரண்டு நிறத்தில்தான் வரவேண்டும். நான் கறுப்பு அணிந்து சுவரோரம், பெண்களோடு பெண்ணாக நாற்காலியில். கேப்டனும் பெர்னடீனும் முதல் நடனம் ஆடினார்கள். பிறகு லைல் அடலீனைக் கூட்டிப்போனான். நன்றாகவே ஆடினார்கள். நான் பாட்டின் கடைசி அடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு இல்லை! கேப்டன் மைக்கைப் பிடித்துவிட்டார், அதிக நாள் கடலில் கிடந்தவருக்குப் பதக்கம் கொடுக்கிற நேரமாம். லைல் கையை நீட்டினான். அடலீன் தலையசைத்தார், நீங்கள் போங்கள் என்கிறமாதிரி. அந்த மடையனும் குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டான்.

வெறும் தளம். நட்டநடுவில் வெள்ளை உடுப்பில் அவர் மட்டும். கேப்டன் பெர்னடீன் பெயரைச் சொல்ல, கைதட்டல். அந்தம்மாள் மேடைக்குப் போகிற வழியில் அடலீனைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது. பின்னாலிருந்து யாரோ, "ஷாம்பெயின் கொஞ்சம் ஜாஸ்தி போல" என்றார்கள். சிரிப்பு. அடலீன் சிரித்தமுகமாகவே நின்றார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

எழுந்தேன். வாசலில் நின்ற டாரா உட்கார் என்று கண்ணாலேயே சொன்னாள். போடி என்று மனசுக்குள் சொல்லிவிட்டு நடந்தேன்.

காதோரம் எண்ணினேன். தாளம் எங்கேயோ போயிற்று. "வரல வெர்லின். கால் வரவே மாட்டேங்குது" என்றார். நான் உரக்கவே எண்ணினேன். ஒண்ணு ரெண்டு மூணு! ஒண்ணு ரெண்டு மூணு! அரங்கம் முழுக்கக் கேட்டிருக்கும். சிரிப்பு நின்றுவிட்டது. கேப்டனும் பேச்சை நிறுத்திவிட்டார்.

மேடைமேல் கழுத்தில் பதக்கத்தோடு பெர்னடீன். என் வாயைப் பார்த்தார். அடலீனின் காலைப் பார்த்தார். முகம் அப்படியே மாறியது.

"அட, டாரா சொன்ன மாதிரி நிஜமாவே எண்ணத்தானே எண்ணிட்டிருக்காரு" என்றார். கேப்டன் மைக்கிலேயே அது கேட்டது. பிறகு பேண்ட் பக்கம் திரும்பி, "என்னத்தய்யா பார்த்துட்டு நிக்கறீங்க? வால்ட்ஸ் வாசிங்க!" என்று அதட்டினார்.

வாசித்தார்கள். அடலீனின் வலது கால் எழும்பியது. நாற்காலிவரை நடந்தோம். யாரும் கைதட்டவில்லை, நல்ல வேளை.

பிப்ரவரி 10

மருத்துவர் அடலீனைப் பரிசோதித்தார். தனி அறையில் தனியாக இருக்க விடமுடியாது, சிட்னியில் இறங்க வேண்டும். மகனோடு பேசியாகிவிட்டது.

டாரா என் அறை வாசலில் வந்து நின்று, "மன்னிச்சுக்கோங்க வெர்லின். நீங்க இருக்கலாம்" என்றாள். யாருக்கு வேண்டும்? அந்த நாற்காலி காலியாகக் கிடக்கும்போது பக்கத்து நாற்காலியில் போய்ச் சிரித்துக்கொண்டு கை நீட்டுவேனா நான்? அழுகையாக வருகிறது. காப்பாற்றுகிறேன் என்று ஓடி, எல்லார் முன்னாலும் அவரைக் காட்டிக்கொடுத்ததுதான் மிச்சம்.

பிப்ரவரி 11

பெர்னடீன் என்னைத் தேடி வந்தார். நான் முகம் கொடுக்கவில்லை. எதிரே உட்கார்ந்தே விட்டார்.

"எரிச்சல்லதான் புகார் குடுத்தேன். அடுத்தது என் முறைன்னு கையுறை மாட்டிட்டு உட்கார்ந்திருப்பேன். நீங்க அவளோடயே ரெண்டாவது சுத்து போய்டுவீங்க. கேப்டன் ஆடறாரேங்கறீங்களா? அவரு என் மெடலோட ஆடறாரு."

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"சரி, அத விடுங்க. எனக்குக் குடுத்த பெரிய அறையில ஒரு படுக்கையறை சும்மாத்தான் கிடக்கு. என் பெட்டிகளத்தான் அங்க வெச்சிருக்கேன். அடலீன் அங்க வந்துட்டா தனியா இருக்கறதா ஆகாது. டாக்டர் மூக்கால அழுதாரு. கேப்டன்கிட்ட போனேன். சரின்னுட்டாரு. அவ பையன் போன்லயே குதிச்சானாம், குதிக்கட்டும்."

அடலீனுக்கு இஷ்டமா என்று கேட்டீர்களா என்றேன்.

"கேட்டேன். குறட்டை விடுவியான்னு அவ கேட்டா. கப்பலே அதிரும்னேன். அப்ப சரி, ராத்திரி எழுந்து நடக்கறதுக்குத் தாளம் ஆச்சுன்னா."

பிப்ரவரி 13, சிட்னி

எங்களில் யாரும் இறங்கவில்லை.

பிப்ரவரி 22

பெர்னடீன் புது வழக்கம் ஒன்றை ஏற்படுத்திவிட்டார். பாட்டு நின்றதும் சுவரோர நாற்காலிகளில் இருக்கும் பெண்கள் எல்லாரும் சேர்ந்து அதே மெட்டை முனகுகிறார்கள், அடலீன் உட்காரும்வரை. புதிதாகச் சிட்னியில் ஏறியவர்கள் இது ஏதோ கப்பல் சம்பிரதாயம் என்று நினைத்துத் தாங்களும் முனகுகிறார்கள். அடலீன் ராணி மாதிரி நடந்துபோய் உட்காருகிறார். லைல்கூட ஒழுங்காகக் கொண்டுபோய் விடுகிறான்.

எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

பிப்ரவரி 25

பொய். எனக்கு அவ்வளவு சந்தோஷமில்லை. ஒரு பாட்டு, முனகல், நாற்காலி, "நன்றி வெர்லின்", அடுத்த நாற்காலி. விதிப்படி எல்லாம் சரியாக நடக்கிறது. இனி இரண்டாவது பாட்டுக்குக் காரணமே இல்லை. அது அவருக்கு வந்த கஷ்டம், அது தீர்ந்ததே என்று மகிழ வேண்டாமா? நான் என்ன மனுஷன்? டாரா அன்று காதலா என்று கேட்டதை இன்று கேட்டால் என்ன சொல்வேன்?

மார்ச் 4, இந்தியப் பெருங்கடல்

இன்று மெதுவான வால்ட்ஸ். முடிந்தது. பெண்கள் முனக ஆரம்பித்தார்கள். நான் கையை நீட்டினேன்.

அடலீன் அசையவில்லை. என் தோளை விடவும் இல்லை.

பதறிப்போய் எண்ணத் தொடங்கினேன். "சத்தம் போடாதீங்க" என்றார் மெல்ல. குனிந்து பார்த்தேன். பாவாடை விளிம்புக்குக் கீழே அவர் இடது கால் தரையில் அழகாகத் தாளம் தட்டிக்கொண்டிருந்தது.

டாரா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். முனகல் ஒவ்வொரு நாற்காலியாக ஓய்ந்தது. அடுத்த முறை பெர்னடீனுடையது, கையுறை மாட்டித் தயாராக இருந்தார். எங்களைப் பார்த்தார். அவர் இருக்கிற இடத்திலிருந்து அந்தக் கால் நன்றாகவே தெரிந்திருக்கும்.

"ஐயோ பாவம், இன்னிக்கு அவளுக்குக் கால் வரவே இல்ல போலிருக்கு" என்று டாராவுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, பேண்டைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அவர்கள் அடுத்த பாட்டைத் தொடங்கினார்கள். ஆடினோம்.