டீசல் டேங்க்கில் கொழுந்து மருந்து

என்ன கூட்டாளி, எப்படி இருக்கிறாய்? போன இடத்தில் குளிர் உண்டா? உன் முழங்கால் வலியும் கூடவே வந்ததா, இல்லை அதையும் எங்களிடமே விட்டுவிட்டாயா? உன் வீட்டில் எல்லோரும் நலம். மூத்தவள் ஹட்டனில் தையல் கடைக்குப் போகிறாள். உன்னைப் போலவே குறைவாகப் பேசுகிறாள், அதனால் எல்லோருக்கும் பிடிக்கிறது.

இன்று காலை படகு டேங்க்கின் அடிக்குழாயைத் திறந்து கொஞ்சம் டீசலைப் போத்தலில் பிடித்தேன். அழுகின முட்டை வாடை லேசாக வந்தது. உடனே நீ வந்துவிட்டாய். மற்றவர்களுக்குச் செத்தவர் ஞாபகம் பூ வாசத்திலோ ஊதுபத்தியிலோ வரும். எனக்கு நீ கெட்டுப்போன டீசலில்தான் வருகிறாய்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு உன் மேல் பொறாமை. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகியும் அது தீரவில்லை.

நீர்த்தேக்கத்தில் நமக்கு இரண்டு படகு. எஞ்சின் இரண்டும் ஒரே ரகம், டீசலும் நோட்டன் பிரிட்ஜிலிருந்து ஒரே லொறியில் வருவது. லயத்து வீட்டுப் பெண்களை விடியும்போது ஏற்றி, அக்கரை மலையில் தேயிலைக் கொழுந்தெடுக்கக் கொண்டுபோய் இறக்குவது நம் வேலை. வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் பேர் கூப்பிடும் முன்னே அவர்கள் அங்கே நிற்க வேண்டும். பிந்தினால் அன்றைக்குப் பேர் இல்லை, கூலியும் இல்லை, திரும்பி வரவேண்டியதுதான். உன் படகு ஒருநாளும் நின்றதில்லை. என்னுடையது மழை பிடித்தால் நடுத்தண்ணீரில் இருமும், விக்கும், படுத்துவிடும். பில்டரைக் கழற்றினால் உள்ளே கறுப்புச் சளி.

ஒரு நாள் என் வீட்டுக்காரியே உன் படகில் ஏறினாள்.

“ஏன்டி, என் போட்டு கண்ணுக்குத் தெரியலையா?” என்றேன்.

“நல்லாத் தெரியுதுங்க. நடுத்தண்ணில நிக்கிறப்ப இன்னும் நல்லாத் தெரியுது. எனக்குப் பேரு விழ வேணாமா?”

கரையே சிரித்தது. நீ மட்டும் சிரிக்காமல் கயிற்றை அவிழ்த்தாய். நீயும் சிரித்திருந்தால் அன்றைக்கு நான் தூங்கியிருப்பேன்.

அதிலிருந்து உன்னை வேவு பார்த்தேன். சாயந்திரம் வேலை முடிந்ததும் நீ டேங்க்கை விளிம்பு வரை நிரப்புவாய். நான் காலையில் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் ஊற்றுகிறவன். தூங்கப்போகும் எஞ்சினுக்கு எதற்குச் சாப்பாடு? பவுசு காட்டுகிறான் என்று நினைத்தேன். உன்னிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்பதுதான் எனக்குப் பயம்.

அதனால் ஹட்டனுக்குப் போய், எஞ்சின் சாமான் விற்கும் பாயிடம் அந்தக் கறுப்புச் சளியைப் பற்றிக் கேட்டேன். அந்தக் கடையில் வெயிலானாலும் மழையானாலும் ஒரு பூனை கல்லா மேல்தான் படுத்திருக்கும், ஞாபகமா? அதைத் தள்ளிவிட்டுத்தான் பாய் பேச்சை ஆரம்பிப்பார்.

“அது பூஞ்சணம் தம்பி. டேங்க்குக்குள்ள தண்ணி இறங்கினா, தண்ணிக்கும் டீசலுக்கும் நடுவுல உக்காந்து வளரும். அதுக்குன்னு மருந்து இருக்கு. உங்க கூட்டாளி கூட இதத்தான் வாங்கிட்டுப் போனாரு.”

அந்தக் கடைசிப் பேச்சு மட்டும் வராமல் இருந்திருந்தால் வாங்கியிருப்பேன். நீ வாங்கினதையே நானும் வாங்குவதா? பஸ் ஏறிவிட்டேன். கோபத்தில் கினிகத்தேனைப் பக்கம் போகிற பஸ்ஸில் மாறி ஏறிப் பாதியில் இறங்கினது வேறு கதை.

வழியெல்லாம் யோசித்தேன். பூஞ்சணம் எனக்குத் தெரியாததா? மழைக்காலத்தில் கொழுந்தில் கொப்புளம் போடுவதும் பூஞ்சணம்தான். முதுகில் மிசின் கட்டிக்கொண்டு மலை மலையாக அதற்கு மருந்தடித்தவன் நான். வீட்டில் பழைய டின்னில் ஒரு கை நீலத் தூள் மிச்சம் இருந்தது. ஒரு போத்தல் தண்ணீரில் கரைத்தேன், டேங்க்கில் ஊற்றினேன்.

மறுநாள் கரையில் மார்தட்டினேன். “இன்னைக்கு யாரு முந்துறதுன்னு பாப்போம்!” வீட்டுக்காரியைக் கையைப் பிடித்து என் படகில் ஏற்றினேன். பாதித் தூரம் பறந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அப்போதுதான் எஞ்சின் விக்கியது.

நீ அக்கரையில் உன் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தாய். என் படகை ஒட்டி நிறுத்தினாய். பெண்கள் ஒவ்வொருவராகத் தாண்டி உன் படகுக்குப் போனார்கள். என் வீட்டுக்காரி எனக்காகக் கொஞ்சம் தயங்குவாள் என்று பார்த்தேன். “கையக் குடுங்கண்ணே” என்று உன்னிடம் சொல்லி, முதல் ஆளாகத் தாண்டினாள்.

அன்று மத்தியானம் கூப்பிடாமலே எஞ்சின் கழற்றும் சாவிகளோடு வந்து நின்றாய்.

“என்னடா ஊத்தின?”

“மருந்து.”

“என்ன மருந்து?”

“கொழுந்துக்கு அடிக்கிறது.”

அப்போது சிரித்தாய் பார், சேற்றிலே உட்கார்ந்துவிட்டாய். “அப்ப இந்த வாரமே டேங்க்குல கொழுந்தெடுக்கலாம்! கண்டாக்கையாகிட்ட சொல்லி செடியக் கவ்வாத்து வெட்டவும் ஆள் போடச் சொல்லவா?” பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தண்ணில வேற கரைச்சு ஊத்தியிருக்க. தண்ணிதான்டா அதுக்குச் சோறு” என்றாய்.

டீசல் முழுவதையும் கேன்களில் இறக்கினோம், ஒரு சொட்டுக்கூடத் தேக்கத்தில் விடவில்லை. தோள்வரை கையை விட்டு டேங்க்கைத் துணியால் துடைத்தாய். ஊறின தோல் மாதிரிக் கறுப்பாக உரிந்து வந்தது. காயவிட்டு, புது டீசல் ஊற்றி, பாய் கடை மருந்தை அளந்து விட்டாய்.

“ராத்திரி குளிருக்கு வெறும் டேங்க்கு உள்ளுக்குள்ள வேர்க்கும். நிரப்பி வச்சா வேர்க்க இடமில்ல. காலையில அடில கொஞ்சம் பிடிச்சுப் பாரு, தண்ணி இருந்தா வடிச்சிரு. மருந்து போட்டா செத்ததெல்லாம் பில்டருக்கு வந்து அடைக்கும், ரெண்டு பில்டர் கையில வச்சுக்க.”

எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். ஒன்றையாவது மறைத்திருந்தால் உன்னை வெறுக்க எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

பிறகு ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாய், திரும்பவில்லை. உன் படகைக் கரையில் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். என் படகு நிற்பதே இல்லை. அதற்கும் பெண்கள், “அந்தண்ணன் போட்டு மாதிரியே போகுது” என்கிறார்கள். துடைக்கிறவன் நான், நிரப்புகிறவன் நான், பேர் உனக்கு. இன்றைய வாடைக்குக் காரணம் மூடியின் றப்பர் வெடித்திருந்ததுதான். மழை இறங்கியிருக்கிறது. றப்பரை மாற்றி, தண்ணீரை வடித்து, மருந்து விட்டு, பில்டரும் மாற்றிவிட்டேன். நீ இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பாய் என்று நினைத்ததும், செய்த சந்தோசம் போய்விட்டது.

இப்போது வீட்டுக்காரி என் படகில்தான் வருகிறாள். வேறு படகு இல்லையே. நேற்று அவளிடம் கேட்டேவிட்டேன். “அவன் போட்டும் இன்னைக்கு ஓடிக்கிட்டு இருந்தா, நீ எதுல ஏறுவ?”

அவள் கூடையைச் சரி செய்துகொண்டே சொன்னாள்: “ரெண்டும் நிக்காமப் போகுதுன்னா, கரையில எறங்குற படிக்குக் கிட்ட எது கெடக்குதோ அதுல.”

படிக்குக் கிட்டே இருப்பது உன் இடம். இத்தனை நாளும் அது சும்மாதான் கிடக்கிறது. நான் தள்ளிச் சேற்றுப் பக்கம்தான் கட்டுகிறேன், பெண்களும் சேற்றை மிதித்துத்தான் ஏறுகிறார்கள். ஏன் அங்கே கட்டுவதில்லை என்று எவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கூட்டாளி, நாளையிலிருந்து உன் இடத்தில் நான்...

“ஏங்க! பேரு கூப்பிடப் போறாங்க, அங்க என்ன பண்ணிக்கிட்டு இருக்கீங்க? போட்ட எடுங்க!”