கழுவக்கூடாத ஸ்பாஞ்ச்

என் தங்கக்குட்டிக்கு அம்மா எழுதுவது,

நானும் அப்பாவும் நலம், அவருடைய இருமல்கூட அடங்கிவிட்டது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருக்க வேண்டும். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். போன வாரம் நீ கேட்டபோது உன் தொட்டி மீன்களெல்லாம் ஜோராக நீந்துவதாகச் சொன்னேனே, அது பொய். ஏழில் ஆறு செத்துவிட்டன. தொப்பையன் மட்டும்தான் இருக்கிறான்.

கொன்றது நான்தான் கண்ணு. தொட்டி ஃபில்டரில் இருந்த ஸ்பாஞ்ச் பழுப்பேறி வழவழவென்று கிடந்தது. ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷமாக ஆபரேஷன் கத்தி கத்தரிகளைக் கழுவிக் கொதிக்கவைக்கிறவள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா? பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டு, மூன்று தண்ணீர் அலசி, புதுசு போல மாட்டினேன். கழுவாதே என்று நீ எழுதி ஒட்டியிருந்த சீட்டைத்தான், ஓரம் கறுத்துவிட்டதென்று எப்போதோ சுரண்டி எறிந்துவிட்டேனே! நாலாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. மீன் கடைக்காரரிடம் ஓடினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, அந்த வழவழப்புதாம்மா அதுங்களுக்கு உசுரே என்றார். மீன் கழிவில் வரும் விஷத்தை ஒரு கிருமி தின்று வேறொரு விஷமாக்குமாம், அதை இன்னொரு கிருமி தின்று சாதுவாக்கிவிடுமாம். ஒன்று கழித்ததுதான் மற்றதுக்குச் சோறு. இதையேதான் நீ சாப்பாட்டு மேசையில் எத்தனை தடவை சொன்னாய், காது கொடுத்தேனா? கிருமியைக் கொல்ல நான் சம்பளம் வாங்குகிறேன், அதை வளர்க்க நீ படிக்கப் போகிறாயா என்று கத்தினேன். நீ கிளம்பிய அன்று வாசல்வரைகூட வராமல் பாத்திரம் தேய்த்துக்கொண்டு நின்றேன். அது ஏற்கெனவே தேய்த்த பாத்திரம்.

கடைக்காரர் தன் தொட்டி ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். நம் தொட்டியில் போட்டிருக்கிறேன். தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றுகிறேன், தீனியைக் குறைத்துவிட்டேன். அந்தக் கிருமிகள் குடியேற ஒரு மாதமாவது ஆகுமாம். கையைக் கட்டிக்கிட்டு நின்னாலே போதும் தாயே என்று அப்பா கிண்டல் செய்கிறார். நிற்கிறேன், கஷ்டமாகத்தான் இருக்கிறது.

திட்ட வேண்டுமானால் திட்டு, போன் பண்ணாமல் மட்டும் இருந்துவிடாதே. குளிரில் காதை மூடிக்கொள். நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், உன் படிப்பும்தான். மறக்காமல் அந்தச் சீட்டை உன் கையால் இன்னொரு தடவை எழுதி அனுப்பு. எவ்வளவு அழுக்கானாலும் சுரண்ட மாட்டேன்.

உன் வருகைக்குக் காத்திருக்கும்
அம்மா