கல்சாலையைத் திறந்தவர்கள்

நுக்காமோவா,
4 பிப்ரவரி 2018

அன்புள்ள தம்பி யோட்டெபாவுக்கு,

மவுரி, வணக்கம். தலைநகர் தராவாவில் நீ நலமாக இருக்கிறாய் என்று படகுக்காரர் சொன்னார். நீயே சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் சந்தோஷப்பட்டிருப்பேன். போனில் பேசினால் நான் ஒன்று சொல்வதற்குள் நீ மூன்று சொல்லிவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

போன வாரம் கடல் பொங்கி வந்த பெரிய ஓதம் பெனாவாவின் சமையல் கொட்டகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மறுநாள் காலையில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து அவள் அடுப்புக் கற்களைத் தேடிக்கொண்டிருந்தாள். மூன்று சேம்புக் குழிகளில் உப்பு ஏறிவிட்டது. கிழங்கு சோப்பு மாதிரி வழுக்குகிறது.

கரையைப் பிடித்து நிறுத்த நாங்கள் நட்ட கண்டல் கன்றுகள் மூன்றாம் முறையாகச் செத்துப்போயின. முதல் தடவை விதை சரியில்லை என்றார்கள். இரண்டாம் தடவை எங்கள் கை சரியில்லை என்று உன் அலுவலகத்திலிருந்து வந்த பெண் சொன்னாள். இந்தத் தடவை யாரையும் கேட்காமல் நாங்களே இறங்கிப் பார்த்தோம். கல்சாலைக்கு உள்ளே, காயல் பக்கம், தண்ணீர் நகர்வதே இல்லை. முட்டியளவு சேறு, அழுகிய முட்டை நாற்றம். வெளியே, பெருங்கடல் பக்கம், அலை கல்லில் மோதித் திரும்பி நம் கரையைத் தின்கிறது.

பத்து வருடம் முன்னால் நீ கட்டிய சாலை அது. நம் திட்டுக்கும் மருத்துவமனை இருக்கிற தெற்குத் திட்டுக்கும் நடுவே ஓடிய கடல்வாயை அடைத்துக் கட்டினாய். ஏன் கட்டினாய் என்று எனக்குத் தெரியும். உன் மனைவி தவுபேயா பிரசவ வலியோடு, தண்ணீர் எப்போது வற்றும் என்று கரையில் காத்துக் கிடந்த நாலு மணி நேரமும் நான் அவள் தலைமாட்டில்தான் இருந்தேன். அவளும் குழந்தையும் அக்கரையைப் பார்க்கவே இல்லை. அதனால் இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். அந்தக் கடல்வாயைத் திறக்க வேண்டும். நடுவில் வெட்டிவிட்டு மேலே ஒரு பாலம் போட்டுக் கொடு. மனேயாபா மண்டபத்தில் ஊர் கூடி முடிவு செய்துவிட்டோம். சாலைப் பிரிவுக்குப் பொறியாளன் நீதானே, வேறு யாரிடம் கேட்பது?

உன் மேல் பாசத்துக்கும் குறையில்லை, குறைக்கும் குறையில்லை,
அக்கா மக்குரீட்டா

•

தராவா,
20 பிப்ரவரி 2018

அன்பு அக்காவுக்கு,

கடிதமும் பதநீர்ப் பாகும் வந்து சேர்ந்தன. பாகு நன்றாக இருந்தது. கடிதம் அப்படி இல்லை.

அந்தச் சாலை வழியாக இந்தப் பத்து வருடத்தில் எத்தனை பேரை வண்டியில் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனீர்கள்? அதை நீ எழுதவில்லை. தபுவாக்கா பெரியவருக்கு மூச்சுத் திணறியபோது ஓதமா வற்றமா என்று பார்த்துக்கொண்டா நின்றீர்கள்? கடல் உயர்கிறது அக்கா. உலகம் முழுக்க உயர்கிறது. அதற்கு என் கற்களைக் குற்றம் சொல்லாதே.

பாலம் வேண்டும் என்று மேலே கேட்டேன். நிஜமாகவே கேட்டேன். முப்பத்தொரு வீட்டுக்குப் பாலமா என்று சிரித்தார்கள். அவர்களால் தர முடிந்தது ஒன்றுதான். இங்கே தராவாவில் எல்லோருக்கும் மனை, குழாய்த் தண்ணீர், மின்சாரம். படிவங்களை இணைத்திருக்கிறேன். நீ முதலில் கையெழுத்துப் போட்டால் மற்றவர்களும் போடுவார்கள். ஊரை விட்டு வருவது தோல்வி இல்லை. உயிரோடு இருந்தால்தானே ஊர்.

இன்னொன்று. இந்தப் பேச்சில் இனி தவுபேயாவை இழுக்காதே.

தம்பி,
யோட்டெபா

•

நுக்காமோவா,
9 மார்ச் 2018

அன்புள்ள தம்பிக்கு,

அவள் பெயரை எடுத்தது உன்னை வருத்தியிருந்தால் மன்னித்துவிடு. இனி எழுதமாட்டேன்.

உன் படிவத்தை மனேயாபாவில் உரக்கப் படித்தோம். தபுவாக்கா பெரியவர் கடைசிவரை கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “தராவாவுல கடல் இல்லையாமா?” என்றார். போன வருடம் அங்கே ஆஸ்பத்திரிக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது எங்களுக்குத் தெரியாதா? கூரை அதிரச் சிரித்தோம். பிறகு பெனாவா எழுந்தாள். கொட்டகையைக் கடலுக்குக் கொடுத்தவள், அவள்தான் முதலில் கையெழுத்துப் போடுவாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது இதுதான்: “அங்க போய் இன்னொருத்தர் கரையில நான் ஒண்டிக்கிட்டு இருக்கணுமா? என் கரையையே நான் பாத்துக்கிறேன்.”

முப்பத்தொரு படிவங்களையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஒன்றிலும் கையெழுத்து இல்லை. எண்ணிப் பார்த்துக்கொள்.

கடல் உயர்வது எங்களுக்குத் தெரியும். வெள்ளம் எங்கள் பாய்க்கு அடியில் வருகிறது, உங்கள் மேசைக்கு அடியில் இல்லை. எங்கேயோ இருக்கிறவர்கள் விடும் புகையை எங்களால் நிறுத்த முடியாது. அடைத்து வைத்த கடல்வாயைத் திறக்க எங்களால் முடியும். தண்ணீர் ஓடினால் மணல் வரும், கண்டல் பிடிக்கும், கண்டல் பிடித்தால் கரை நிற்கும். நிற்காமலும் போகலாம். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு மூழ்கமாட்டோம்.

திங்கட்கிழமை வற்றத்தில் தொடங்குகிறோம். காய்ப்பு நின்ற தென்னைகள் இருபத்திரண்டை வெட்டியாயிற்று. முதலில் அவற்றைச் சாலைக்கு மேலே பாலமாகப் பரப்புவோம். அதற்குப் பிறகுதான் அடியிலிருக்கும் கல்லை எடுப்போம். அகலம் பன்னிரண்டு முழம். மருத்துவமனைக்குப் போகிற வழி ஒரு நாள்கூட அடைபடாது. இதை உன்னிடம் சொல்லாமல் செய்யக்கூடாது என்று எழுதுகிறேன். அனுமதி கேட்கவில்லை.

அக்கா,
மக்குரீட்டா

•

தராவா,
27 மார்ச் 2018

அக்கா,

பதினோரு நாளில் திறந்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். கடப்பாரையும் தென்னோலைப் பெட்டியும் வைத்துக்கொண்டு நான் ஆறு மாதம் கட்டியதை இடித்திருக்கிறீர்கள்.

அரசுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக இங்கே பேசுகிறார்கள். ஏப்ரல் 5 அன்று கல் ஏற்றிய மிதவையும் இயந்திரமும் வருகின்றன. கூடவே இரண்டு போலீஸ்காரர்கள். வெட்டிய இடத்தை அடைக்கும் வேலைக்கு என்னையே மேற்பார்வைக்கு அனுப்புகிறார்கள். வேண்டுமென்றேதான் அனுப்புகிறார்கள். நானும் மறுக்கவில்லை.

அன்றைக்கு நீ அந்தப் பக்கம் வராதே. இதை அதிகாரியாகச் சொல்லவில்லை.

யோட்டெபா

•

நுக்காமோவா,
11 ஏப்ரல் 2018

அன்புள்ள தம்பிக்கு,

நீ மிதவையிலிருந்து இறங்கியபோது உன் தலையில் நரை பார்த்தேன். முப்பத்தெட்டு வயதில் அவ்வளவு நரையா என்று கேட்கத்தான் வாய் வந்தது. கேட்கிற நிலையில் நான் இல்லை. மார்பளவு தண்ணீரில், வெட்டிய இடத்தின் நடுவே, பத்தொன்பது பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். எங்களுக்குள் கைகோத்திருக்காவிட்டால் நீரோட்டம் எங்களைக் காயலுக்குள் இழுத்துப் போயிருக்கும். அந்த நீரோட்டத்தை நீயே பார்த்தாய்.

“அக்கா, எழுந்திரு” என்றாய். அவ்வளவு மெதுவாகச் சொன்னாய், போலீஸ்காரருக்குக்கூடக் கேட்டிருக்காது.

“கல்லைப் போடு தம்பி. என் மடியில போடு” என்றேன். கோபத்தில் சொன்னேன் என்று நினைக்காதே. எனக்குப் பயமாக இருந்தது. நீ போடச் சொல்லிவிடுவாயோ என்ற பயமில்லை. போட்டுவிட்டு நீ எப்படி உயிரோடு இருப்பாய் என்ற பயம்.

பிறகு நீ எங்கள் தென்னம்பாலத்தில் ஏறிக் குதித்துப் பார்த்தாய். தேங்காய் மட்டை ஒன்றைத் தண்ணீரில் போட்டு, அது உள்ளே போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தாய். அளவுகோலைக் கடல் பக்கம் நட்டாய், காயல் பக்கம் நட்டாய். மறுபடி மட்டை, மறுபடி கடிகாரம். மடவை மீன் கூட்டம் ஒன்று எங்கள் இடுப்பை உரசிக்கொண்டு உள்ளே போனபோது நீ எழுதுவதை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் கவனித்தேன். இரண்டு மணி நேரம் கழித்து இயந்திரக்காரரிடம் போய் என்னவோ சொன்னாய். அவர் தலையைச் சொறிந்துகொண்டு மிதவையைத் திருப்பினார்.

நீ என் வீட்டு வாசலைக்கூட மிதிக்காமல் அதே மிதவையில் ஏறிப் போய்விட்டாய். பெனாவா உனக்காக மீன் சுட்டு வைத்திருந்தாள். நீ ஏன் வரவில்லை என்று ஊரே கேட்டது. உனக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன்.

நேற்று பெனாவாவின் மகளை வலியோடு வண்டியில் வைத்துப் பாலத்தின் மேல் தள்ளிக்கொண்டு போனோம். அப்போது முழு ஓதம். எங்களுக்குக் கீழே தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது. வண்டி ஆடவில்லை. பெண் குழந்தை பிறந்திருக்கிறது. நான் யார் பெயரையும் எடுக்கவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பதில் போடு. திட்டியாவது போடு.

மக்குரீட்டா

•

தராவா,
8 மே 2018

அன்பு அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்குக் காரணம் கோபம் இல்லை. வெட்கம். உன் வாசலுக்கு வந்திருந்தால் அழுதிருப்பேன். போலீஸ்காரர்கள் முன்னால் அழ வேண்டாமே என்று மிதவையில் ஏறிவிட்டேன்.

அன்று நான் அளந்தபோது கடல் பக்கத்துத் தண்ணீர், காயல் பக்கத்தைவிட ஒரு சாண் உயரத்தில் நின்றது. பத்து வருடமாக அவ்வளவு தண்ணீரும் போக வழியில்லாமல் நம் கரை மேல்தான் விழுந்திருக்கிறது. சாலை போடும்போதே அடியில் வழி விடலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கேட்டது ஞாபகம் இருக்கிறது. நேரமில்லை என்றேன். யாரும் இனி கரையில் காத்திருக்கக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது என் கண்ணுக்குத் தெரிந்தது. அவள் பெயரை நீ எடுக்கலாம் அக்கா. நான்தான் அதைக் கல்லுக்கு அடியில் புதைத்து வைத்திருந்தேன்.

அறிக்கை கொடுத்துவிட்டேன். கரை அரிப்புக்குக் கல்சாலையே முதல் காரணம், ஊர்க்காரர்கள் திறந்தது சரி, அங்கே நிரந்தரப் பாலம் வேண்டும் என்று எழுதினேன். மேலாளர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். முதல் வரியை மட்டும் எடுத்துவிடு, கடல் உயர்வதுதான் காரணம் என்று போடு, வேலை நிலைக்கும் என்றார். நல்ல மனிதர்தான். என் நன்மைக்குத்தான் சொன்னார்.

“அந்தச் சாலையை வரைஞ்சவனே நான்தான் சார். தப்புன்னு சொல்ல என்னைவிட யாருக்கு உரிமை இருக்கு?” என்றேன்.

மறுநாள் என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அறிக்கையின் நகல்களை வெளியே கொடுத்ததற்கு இன்னொரு கடிதம் வந்தது. ஆமாம், கொடுத்தேன். தேவாலயத்தில் கொடுத்தேன், வானொலியில் கொடுத்தேன், துறைமுகத்தில் வெளித்தீவுகளுக்குப் போகிற ஒவ்வொரு படகிலும் கொடுத்தேன்.

இப்போது என் அறை வாசலில் வெளித்தீவுகளிலிருந்து இரண்டு ஊர்க்காரர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் ஊரிலும் இதே மாதிரிச் சாலைதான், இதே மாதிரி செத்த காயல்தான். ஒன்று நான் வரைந்தது. முதலில் எங்கே வெட்டுவது, எவ்வளவு அகலம் என்று கேட்கிறார்கள். வரைபடத்தை விரித்து வைத்திருக்கிறேன்.

அகலத்தை நான் சொல்லிவிடுவேன். தண்ணீரில் எப்படி உட்காருவது என்று நீதான் வந்து சொல்லித்தர வேண்டும். வியாழக்கிழமைப் படகில் புறப்பட்டு வா.

உன் தம்பி,
யோட்டெபா