முதல் பையின் முகடு

வேப்பந்தட்டை,
14.10.1998

அன்பு மகள் வெற்றிச்செல்விக்கு,

நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அந்தக் குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கவேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. இங்கே நல்ல மழை, பருத்தி தழைத்து நிற்கிறது. உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நம் காட்டு மண்ணில் மக்கிக் கிடப்பதிலிருந்து வடித்த சாற்றில் ஒளியைப் பாய்ச்சி எடுத்த நிறமாலைகளில், நான் கட்டி அனுப்பிய பைகளில் முதல் பை மண்ணுக்கு மட்டும் வேறெதிலும் இல்லாத ஒரு முகடு தெரிகிறது, அது பருத்தி வேரிலிருந்து வந்த புதுச் சேர்மமாக இருக்கலாம் என்று பேராசிரியர் நினைக்கிறார், அடுத்த மாதக் கடைசியில் கருத்தரங்கில் வாசிக்கப்போகிறாய் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "மொதப் பையா?" என்றாள். பிறகுதான் சொன்னாள், பைகளைக் கட்ட நான் நூல் எடுக்க உள்ளே போன நேரத்தில் அந்தப் பையில் மட்டும் சாமி மாடத்து மஞ்சள்தூளை ஒரு சிட்டிகை போட்டாளாம். "நம்ம காட்டு மண்ணு கடல் தாண்டிப் போவுது, வெறுமனயா அனுப்புவாங்க? ஒங்களுக்கு எல்லாத்துக்கும் சீட்டு ஒட்டத்தான் தெரியும்" என்று என்னையே கேட்கிறாள்.

மஞ்சளின் சாயம் அப்படி முகடு காட்டுமா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. பழைய வேதியியல் புத்தகத்தைப் புரட்டினேன், காட்டும் போலத்தான் தோன்றுகிறது, ஆனால் நான் படித்தது எந்தக் காலமோ. போனில் சொல்லிவிடலாம் என்று பெரம்பலூர் பூத் வரை போனேன். உள்ளே ஆட்கள் இருந்தார்கள், இதை எப்படி ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை, திரும்பிவிட்டேன். நீ இங்கிருந்து புறப்பட்டபோது குழம்புக்கென்று அம்மா கொடுத்தனுப்பியது அதே மஞ்சள்தான். அதில் கொஞ்சத்தை இரண்டாம் பை மண்ணில் கலந்து, அதே முறையில் வடித்துப் பார். முகடு ஒத்துவந்தால் பேராசிரியரிடம் நீயே முந்திச் சொல்லிவிடு மகளே. மேடையில் யாராவது கேட்டு நீ விழிப்பதைவிட அது நல்லது. ஒத்துவராவிட்டால் அப்பா வீணாகப் பயந்தார் என்று சிரித்துவிட்டுப் போ. எப்படியானாலும் வேறு மண் வேண்டுமென்றால் எழுது, நானே எடுத்து நானே கட்டி அனுப்புகிறேன்.

அம்மா நேற்று ராத்திரி, "எம்புள்ள படிப்புல நானே மண்ண அள்ளிப் போட்டுட்டனா?" என்று கேட்டாள்.

எல்லா நலமும் உனக்கு வந்து சேரட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. முடிவு எதுவானாலும் பதிலை அம்மா பெயருக்கே எழுது. எழுத்துக் கூட்டி அவளே படித்துக்கொள்வாளாம். நான் படித்தால் கஷ்டமானதை விட்டுவிட்டுப் படிப்பேனாம்.

உன் அப்பா,
அய்யம்பெருமாள்