இரண்டாம் வருஷப் பாடம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை, அதனால் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். குட்டிக்கு இருமல் நின்றதா, மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாதே. அப்பாவுக்கு முழங்கால் மறுபடியும் தகராறு செய்கிறது, டாக்டர் நடக்கச் சொன்னால் நாற்காலியில் உட்கார்ந்தபடி நடப்பதைப் பற்றிப் பேசுகிறார். எனக்குத் தொண்டைதான். ஒரு மணிநேரம் பாடம் எடுத்தால் மறுநாள் குரல் லீவு போட்டுவிடுகிறது.

ராணுவ அகாடமியில் எங்கள் மொழித் துறையை மூடப்போகிறார்கள் என்று போனில் சொன்னேன் அல்லவா. அறையைக் கம்ப்யூட்டர் துறைக்குக் கொடுக்கிறார்கள், அளவெடுக்க ஆள்கூட வந்து போய்விட்டான். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வருத்தமே வரவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கத்து மொழியை இத்தனை காலம் இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து அலுத்துவிட்டது. விட்டது தொல்லை, உன்னிடம் வந்து குட்டியோடு கிடக்கலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் பழைய மாணவர் கூட்டம் வந்தது. அப்பாவும் அங்கே சர்வே துறையில் பாடம் எடுத்தவர் என்று இருவரையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார்த்தினார்கள். தொப்பையும் நரையுமாக வந்தவர்கள் ஒவ்வொருவராக மேடையேறி எந்தத் துறையில் என்ன படித்தோம் என்று நினைவுபடுத்திக்கொண்டார்கள். வேதியியல் லேபில் ஒருவன் மீசையைப் பொசுக்கிக்கொண்டது, போர் வரலாற்று வாத்தியார் சாக்பீஸ் தீரும்வரை அம்புக்குறி போட்டது, அப்பா அவர்களை வெயிலில் நிறுத்தி ஒரே குன்றை வாரக்கணக்கில் அளக்கவைத்தது எல்லாம் வந்தது. என் வகுப்பில் என்ன நினைவு என்றால், விடியற்காலை பரேடு முடிந்து வந்து தூங்கியது. அரங்கமே சிரித்தது, நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய.

டீ குடிக்கும்போது ஒருவர் வந்து ஓரமாகக் கூப்பிட்டார். மேஜராக ஓய்வு பெற்றவராம், முகம் எனக்கு நினைவில்லை, நினைவிருப்பது போலத் தலையாட்டினேன். எல்லைச் சண்டையில் இருந்தபோது நடந்ததைச் சொன்னார். சுடுவது நின்றபிறகு மழையில் ஒரு பள்ளத்துக்குள் அந்தப் பக்கத்துச் சிப்பாய் ஒருவன் அடிபட்டுக் கிடந்திருக்கிறான். ஸ்ட்ரெச்சர் வரும்வரை இவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். என்னிடம் படித்ததில் டாக்டரைப் பார்க்கப் போகும் பாடத்தில் வரும் ‘எங்கே வலிக்கிறது’ மட்டும்தான் வாயில் வந்ததாம், அதைக் கேட்டாராம். அவன் ஏதோ சொல்லியிருக்கிறான், ஒன்றும் புரியவில்லை. திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னானாம். இவரும் சரி சரி என்று தலையாட்டிக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் அவன் போய்விட்டான். அந்தச் சத்தம் மட்டும் பாட்டு மாதிரி மனதில் தங்கிவிட்டது என்றார். யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்றேன். பயமாக இருந்தது, இப்போது துறையை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன், இனி யாரிடம் போய்க் கேட்பது என்று வந்தேன் என்றார். அம்மா பேரையோ சாமி பேரையோ சொல்லியிருப்பான் என்று தானாகவே நினைத்து வைத்திருந்தாராம்.

சொல்லிக் காட்டச் சொன்னேன். கோணலாகத்தான் சொன்னார், ஆனால் எனக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது பாப்பா. காதில் விழாதது போல இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன், எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது. சாமி பேர்தான் என்று சொல்லியிருந்தால் மனுஷன் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் அத்தனை வருஷம் ஒரு எழுத்து சிந்தாமல் சுமந்து வந்தவரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“கால் குளிருது, மூடி விடுன்னு சொல்லியிருக்காருப்பா” என்றேன்.

“அவ்வளவுதானா மேடம்?” என்றார். கையிலிருந்த டீயை மேஜைமேல் வைத்தார். “ஜீப்புல கம்பளி இருந்துச்சு.”

பிறகு இது எந்தப் பாடத்தில் வரும் என்று கேட்டார். குளிர், பசி, தாகம் எல்லாம் இரண்டாம் வருஷம்தான், அதை விருப்பப் பாடமாக ஆக்கியிருந்தார்கள். மதிப்பெண் சீனியாரிட்டிக்கு உதவாது என்பதால் அவர் வெடிமருந்துப் பாடத்துக்கு மாறிப்போயிருக்கிறார். அதில் தப்பொன்றும் இல்லை, எல்லோரும் அப்படித்தான் போனார்கள். கிளம்பும் முன் உச்சரிப்பு சரியா என்று கேட்டார். கடைசியில் கொஞ்சம் இழுக்கவேண்டும் என்றேன். நின்ற இடத்திலேயே இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார், சரியாகச் சொன்னார்.

அப்புறம் படிப்புப் பிரிவுக் கர்னலைப் போய்ப் பார்த்தேன். மூட வேண்டாம் என்றேன். நல்ல மனிதர்தான், நாற்காலி போட்டு உட்காரவைத்து, “இப்பல்லாம் போனே பேசுது மேடம்” என்றார். மழையில் நனைந்த போன் எங்கே பேசும் என்று வீட்டுக்கு வந்தபிறகு அப்பா சொன்னார், அங்கே இருந்திருந்தால் உபயோகமாக இருந்திருக்கும். துறை போனது போனதுதான். ஆனால் வாரம் ஒரு மணிநேரம் வரலாற்றுத் துறைக்குக் கீழே, சனிக்கிழமை டிரில் முடிந்தபிறகு, எடுங்கள் என்றார் கர்னல். யாருக்கும் வேண்டாத நேரம் அது. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன்.

அதனால் இந்த வருஷம் வர முடியாது பாப்பா. டிக்கெட் எடுத்திருந்தால் மாப்பிள்ளையிடம் சொல்லி ரத்து செய்துவிடு, என்மேல் கோபம் என்றால் போனில் திட்டு, பேசாமல் மட்டும் இருக்காதே. உடம்பு தள்ளவில்லை என்பது எனக்கும் தெரிகிறது, மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கித்தான் போகிறேன். போன சனிக்கிழமை முதல் வகுப்பு. பழைய வரிசையைத் தூக்கிப் போட்டுவிட்டு, குளிர்கிறது, பசிக்கிறது, தண்ணீர் கொடு, மூடி விடு என்று ஆரம்பித்தேன். வியர்வை காயாத சட்டையோடு உட்கார்ந்து எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். இதெல்லாம் பரீட்சையில் வருமா மேடம் என்று ஒருத்தி எழுந்து கேட்டாள். வரும் என்றேன்.

மூவரும் தீர்க்காயுசோடு மனம்போல் வாழவேண்டும். குட்டியிடம் பாட்டி வராததற்குக் காரணம் ஏதாவது நல்லபடியாகச் சொல்லு. மருந்து ஞாபகம்.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
அம்மா